நாலாவது பாட்டும் திரும்பி வந்தால்

கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் ஏன் எப்போதும் இரண்டு கையாலும் கொடுக்கிறார்கள், யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? எப்சிபா யோசித்திருக்கிறாள். இப்போதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறாள், புறவாசல் நிலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மடியில் சுளகு, சுளகில் முருங்கைக் கீரை, விரல் தன்பாட்டுக்குக் காம்பிலிருந்து இலையை உருவிக்கொண்டிருக்க. கோயில் பாடகர் குழுவை நடத்துகிற தவசிமுத்து வாத்தியார் பாட்டை வாங்கும்போது ஒரு கையால்தான் வாங்குவார். "கொண்டா தாயி" என்று நீட்டி வாங்கி, முழுசாகப் படிக்காமலே சட்டைப் பையில் செருகிக்கொள்வார். திருப்பித் தரும்போது மட்டும் இன்னொரு கையும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொள்ளும். இராப்போஜன அப்பத்தைக் கொடுக்கிற பாதிரி ஐயர் மாதிரி ஒரு பவ்யம். "நல்லாத்தான் இருக்கு தாயி. இந்த வருசம் வேண்டாம்னு பாக்கோம்." நல்லா இருக்கிறதை எதற்கு வேண்டாம் என்று பார்ப்பது? நல்லா இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடலாமே. பள்ளிக்கூடத்தில் கணக்கு சார் தப்புக் கணக்கை முகத்துக்கு நேரே வீசினார், அதில் ஒரு நியாயம் இருந்தது, தப்பு எங்கே என்று தெரிந்தது, மறுநாள் சரியாகப் போட்டுக்கொண்டு போய் நின்றாள். இந்தப் பவ்யத்தில்தான் எங்கோ ஒரு முடிச்சு இருக்கிறது. அதுவும், தரும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். அவள் தோளுக்குப் பின்னால் பார்ப்பார். மூன்று பாட்டு திரும்பி வந்த மூன்று தடவையும் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தது மாமியார் அன்னபாக்கியம்.

இந்த ஊரில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வருஷா வருஷம் ஊர்க்காரர் யாராவது எழுதிய புதுப் பாட்டு ஒன்று பாடவேண்டும். பெரிய புலவராக இருக்க வேண்டியதில்லை. கொத்தனார் எழுதியிருக்கிறார், பால் சொசைட்டி பில் போடுகிற பெண் எழுதியிருக்கிறாள், போன வருஷத்துப் பாட்டில் ஒரே வரி ஆறு தடவை வந்தது, அதையும் ஊரே எழுந்து நின்று பாடியது. தெரிந்த மெட்டு ஒன்றில் வார்த்தையைக் கட்டி வாத்தியார் கையில் கொடுத்தால் போதும். எப்சிபா கட்டிக் கொடுத்த நாலாவது பாட்டு இப்போது வாத்தியார் பையில் இருக்கிறது. இன்று சாயங்காலம் பயிற்சியில் எந்தப் பாட்டு என்று சொல்லியிருப்பார். அதற்குள் காலையில் வேதமாணிக்கம் தாத்தா கண்ணை மூடிவிட்டார். ஊரே துஷ்டி வீட்டில். பயிற்சி கிடையாது. இத்தனை காலம் கட்டிலில் கிடந்தவர் இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று மனசு முந்திக்கொண்டு சொல்லிவிட்டது, பிறகு பயந்து முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு, ஆண்டவரே மன்னியும் என்றாள். செத்தவரையே சந்தேகப்படுகிற அளவுக்கு வந்தாயிற்று. ஆனாலும் ஒரு கணக்கு உண்டு. அடக்கம் முடிந்து வாத்தியார் வீட்டுக்குப் போக இந்தத் தெருதான் வழி. சட்டைப் பையில் பாட்டோடுதான் போவார், அந்தப் பை அவருக்குப் பீரோ மாதிரி, மூக்குக் கண்ணாடி, மாத்திரை, சுதி பார்க்கிற ஊதுகுழல் எல்லாம் அதில்தான். வேண்டும் என்றால் வாசலில் நின்று "நாளைக்கு சாயங்காலம் கோயிலுக்கு வா, பாடிப் பாப்போம்" என்பார். வேண்டாம் என்றால் தெரியும். எப்படியும் இன்று தெரிந்துவிடும். கணவன் கிதியோன் சவப்பெட்டி தூக்கப் போயிருக்கிறான், வந்ததும் குளிக்க வெந்நீர் வேண்டும், அடுப்பில் பெரிய பானை ஏறியிருக்கிறது, தென்னமட்டை புகைந்து கண்ணைக் கரிக்கிறது. மகள் தபி உள்ளே தொட்டிலில் தூங்குகிறாள், காய்ச்சல் விட்டு இப்போதுதான் வேர்க்கிறது. பிள்ளைக்காரி துஷ்டி வீட்டுக்கு வரக்கூடாது என்று மாமியார் காலையிலேயே சொல்லியாயிற்று. ஜெபம் பண்ணுகிற வீட்டில் இதெல்லாம் என்ன என்று கேட்கலாம், கேட்டால் பதில் வராது, ஒரு பார்வை வரும்.

அந்த மாமியார்தான் இப்போது அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள். அதுவே ஒரு விஷயம். எந்தத் துஷ்டி வீட்டுக்குப் போனாலும் பெட்டி எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவாள். மற்ற பெண்கள் எல்லாரும் வாசல் வரை வந்து நின்று அனுப்பிவிட்டுத்தான் கலைவார்கள், கல்லறைத் தோட்டத்துக்குப் பெண்கள் போவது இந்த ஊரில் வழக்கமில்லை, வாசலோடு சரி. இவள் அந்த வாசல் வரைக்கும் நிற்பதில்லை. சற்று முன்னால்தான் வந்தாள். "பெட்டி எடுத்தாச்சா அத்தை?" என்று கேட்டதற்கு, "எடுப்பாவ" என்றாள். "இருந்து எடுத்த பெறவு வந்திருக்கலாம்லா?" "முட்டு வலிக்கி." முட்டு வலிக்கிறவள் அப்படி வேகமாகவா நடந்து வருவாள், செருப்பு ஒரு பக்கம் கிடக்கிறது, இன்னொன்று வேலிப்பக்கம் கிடக்கிறது. யாரோ துரத்திக்கொண்டு வந்த மாதிரி. இல்லை, யாரையோ முந்திக்கொண்டு வந்த மாதிரி. யாரை? வாத்தியாரை. வாத்தியார் இந்தப் பக்கம் வரும்போது வீட்டில் மருமகள் மட்டும் இருந்துவிடக் கூடாது. பின்னால் நிற்கத் தோள் ஒன்று வேண்டும் அல்லவா. அப்படி நினைத்ததும் எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்தாலும் நினைப்பு போகவில்லை, பல்லிடுக்கில் மாட்டிய கீரை நார் மாதிரி நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது.

அவளுக்கு ராகம் தாளம் ஒன்றும் தெரியாது, ஒரே ஒரு மெட்டுத்தான் தெரியும். அவள் பிறந்த ஊர் மேற்கே, மலையடிவாரத்தில், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற ஊர். அறுப்பின் பண்டிகைக்கு முதல் கதிர்க்கட்டைத் தலையில் வைத்து, ஆணும் பெண்ணும் மெதுவாக அடியெடுத்து வைத்து, வயலிலிருந்து கோயில் வரை ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். அப்பா அந்த மெட்டை மினி லாரியில் வாழைத்தார் ஏற்றிப் போகும்போதும் பாடுவார், ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, தூக்கம் வராமல் இருக்க. பக்கத்தில் உட்கார்ந்து போன சின்னப்பிள்ளைக்கு அந்த மெட்டில் வாழைக்காய் வாசம் ஏறிவிட்டது. கல்யாணமாகி இந்தச் செம்மண் காட்டுக்கு வந்து, துணி துவைக்கிற கல்லில் நின்றுகொண்டிருந்த ஒரு நாள், வார்த்தை ஒன்று அந்த மெட்டில் வந்து உட்கார்ந்தது. அவள் கூப்பிடவில்லை. உலை கொதிக்கும் நேரத்திலே உம்மை நினைச்சேன், என் உப்பும் நீரே, உறைப்பும் நீரே ஐயா. கையில் சோப்பு நுரையோடு நின்று அழுதாள், துக்கத்தில் இல்லை, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது, பத்தாம் வகுப்போடு நின்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆண்டவருக்கு என்ன வேலை என்று இருந்தது. அதைத்தான் முதலில் கொண்டுபோனாள். "பாடிக் காட்டு தாயி" என்றார் வாத்தியார். கோயில் வேப்பமரத்தடியில் நின்று பாடினாள். பாடகர் குழுப் பெண்கள் எல்லாரும் அப்படியே அமைதியாகிவிட்டார்கள். ஆகா, பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினாள். முடித்தபோது ரூபி மைனிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏளா எப்சி, ஆண்டவரையே கொழம்புல போட்டுட்டியே." எல்லாரும் சிரித்தார்கள், தேவைக்கு மேலேயே சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுவாரம் பாட்டு திரும்பி வந்தது. உறைப்பை எடுத்துவிட்டு மாற்றி எழுதித் தரட்டுமா என்று கேட்டாள். "அதுல ஒண்ணும் இல்ல தாயி" என்றார். அப்படியென்றால் எதில்? இரண்டாவது பாட்டு கிறிஸ்துமஸ் பாட்டு, அதில் குழம்பும் இல்லை ரசமும் இல்லை. வாத்தியார் தாளை வாங்கித் தொடையில் விரலால் ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தார், விரல் அப்படியே நின்றது. அதுவும் வந்தது. மூன்றாவது, தபிக்கு ஞானஸ்நானம் கொடுத்த மாதம் எழுதிய தாலாட்டு.

தாலாட்டு என்றதும் விரல் ஒரு காம்பை முறித்துவிட்டது. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. மற்றதையெல்லாம் மன்னித்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் மன்னிக்கிறாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டு அந்தத் தாலாட்டைப் பாட ஆரம்பித்தால் மாமியார் எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். கொல்லையில் இருந்தாலும் வந்துவிடுவாள், ஈரக் கையோடு வந்துவிடுவாள், ஒரு வார்த்தை பேசாமல் தூங்கப்போகிற பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவாள். பிள்ளை வீறிட்டாலும் தரமாட்டாள். ஒரு தடவை, "தூங்குற பிள்ளைய எதுக்கு எடுக்கிய?" என்று எப்சிபா கேட்டாள். "காத்தாட வச்சிக்கிடுதேன்." அறைக்குள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிறாள் என்று அன்று தோன்றியது இன்றும் போகவில்லை. பிறகு அடுப்படியில் முணுமுணுத்தால் கதவு சாத்தப்படும். புறவாசலில் முணுமுணுத்தால் ரேடியோ அலறும். போன தடவை தெற்குத் தெருவில் ஒரு துஷ்டி, அன்றும் பெட்டி எடுக்கும் முன்னால் வந்து, பொழுது சாய்கிற நேரத்தில் மிக்சியைப் போட்டு வெறும் அரிசியை அரைத்தாள், எதற்கு என்று தெரியாது, அந்த மாவு இன்னும் டப்பாவில் கிடக்கிறது. பாட்டுச் சத்தமே ஆகாத ஜென்மமோ என்றால் அதுவும் இல்லை, கோயிலில் பக்கத்தில் நின்று கணீரென்று பாடுகிறவள். அப்படியானால் ஆகாதது பாட்டு அல்ல, பாடுகிற மருமகள். மருமகள் பேரை ஊர் சொல்லிவிட்டால் நாளைக்குப் பயிற்சி, கூட்டம், கன்வென்ஷன் என்று வாசல் தாண்டிவிடுவாள், அடுப்பை யார் பார்ப்பது. இவள்தான் வாத்தியாரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எப்போது சொன்னாள்? பால் ஊற்றப் போகிற சாக்கில். அல்லது சொல்லவே வேண்டாம், பின்னால் நின்று பார்த்தாலே போதும், அந்தப் பார்வைக்கு ஐயரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். கிதியோனிடம் கேட்டால் அவன் அதற்கு மேல். பம்புசெட் மோட்டாரைக் கழற்றிப் பரப்பிவைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே, "வேற மெட்டு தெரியாதா ஒனக்கு?" என்றான். "ஏன், இந்த மெட்டுக்கு என்ன கொள்ள?" ஸ்பானரைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விட்டான். ஸ்பானர் அவன் மடியில்தான் இருந்தது. ஆக, புருஷனும் கூட்டு.

கூட்டு என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்? அதுதான் பயம். ராத்திரி ஜெபத்தில் ஒரு நாள் முட்டுக்குத்தி நின்றபோது அது மேலேயே போய்விட்டது. ஆண்டவரே, நீரும் அந்தக் கமிட்டியில் இருக்கிறீரோ? கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தாள், கூரை அப்படியேதான் இருந்தது. தட்டிக்கொண்டே இருந்தால் திறக்கும் என்று ஞாயிறுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், அவளும் போன பண்டிகைக்குச் சிறுபிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்தாள், ஒரு பொடியன் கேட்டான், உள்ளே ஆளில்லாத வீடாக இருந்தால் என்ன செய்வது டீச்சர் என்று. அவனுக்கு மிட்டாய் கொடுத்து உட்காரவைத்தாள். அவளுக்கு யார் மிட்டாய் கொடுப்பார்கள்? ஆண்டவர் தாமதிப்பார், மறுக்கமாட்டார் என்று ஐயர் பிரசங்கத்தில் சொன்னார். சரி, ஆண்டவர் மறுக்கவில்லை, வாத்தியார் மறுத்துவிட்டாரே, இதில் எது யாருடைய குரல்? அதைவிட மோசமான சந்தேகம் ஒன்று உண்டு. அன்றைக்குத் துவைக்கிற கல்லில் பேர் சொல்லிக் கூப்பிட்டது யார்? அவரா, இல்லை தானேதானா? கோயிலில் தன் பேரை வாசிக்க வேண்டும், எழுதியவர் திருமதி எப்சிபா கிதியோன் என்று மைக்கில் கேட்க வேண்டும் என்கிற ஆசையே அப்படிக் குரல் மாற்றிக் கூப்பிட்டதோ? அதனால்தான் ஒரு பொருத்தனை பண்ணிக்கொண்டாள். நாலாவது பாட்டுத்தான் கடைசி. அது நின்றால் நீர் கூப்பிட்டது. அதுவும் திரும்பி வந்தால் என் காது கேட்டது தப்பு, இனிமேல் எழுதமாட்டேன், முணுமுணுக்கக்கூட மாட்டேன், கல்லில் துணியை மட்டும் துவைப்பேன். சொல்லி முடித்து ஆமென் போட்டபோது துக்கமாக இல்லை, வயிற்றுக்குள் ஒரு பக்கம் காலியானது, பிள்ளை பெற்ற அன்று இருந்தது போல. நாலாவது பாட்டு அவ்வளவு நல்ல பாட்டு. பஸ் ஸ்டாப்பிலிருந்து வெயிலில் நடந்து வந்த தபி, பாதி வழியில் நின்று, ரெண்டு கையையும் மேலே தூக்கி, ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். தூக்கு. வீடு வந்து சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. தூக்கிக்கொள்ளும் ஐயா, என்னைத் தூக்கிக்கொள்ளும், நடந்த காலு ஓய்ந்ததையா, தூக்கிக்கொள்ளும். அதை எழுதிக் கொடுத்தபோது மாமியார் கோயிலில் இல்லை, பின்னால் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி பண்ணிக்கொண்டுதான் கொடுத்தாள். அப்படியும் வாத்தியார் முதல் வரியைப் பார்த்துவிட்டு, வெயிலே இல்லாத இடத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடிக்க ஆரம்பித்தது. பெட்டி எடுத்துவிட்டார்கள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ஸ்விட்சு தட்டுகிற சத்தம், ஒரு தடவை, ரெண்டு தடவை. மிக்சி ஓடவில்லை. "கரண்ட் எப்பளா போச்சு?" "மத்தியானமே போச்சே அத்தை, கம்பத்துல வேல பாக்காவளாம்." "ரேடியோவுக்கு பேட்டரி இருக்கா?" "தபி எடுத்து எங்கயோ போட்டுட்டா." அப்போதும் எப்சிபாவுக்குத் தோன்றியது இதுதான், பார்த்தாயா, வாத்தியார் வந்து சொல்வது என் காதில் விழாமல் இருக்க இப்போதே ஏற்பாடு நடக்கிறது. மாமியார் புறவாசலுக்கு வந்தாள். சுளகிலிருந்து ஒரு கொத்துக் கீரையை எடுத்தாள், உருவவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கோயில் பக்கம் பார்த்தாள். ஆடிக் காற்று மேற்கேயிருந்து வீசுகிறது, தேரிக்காட்டு மணல் பல்லில் நறநறக்கிறது, வேலியில் காய்ந்த துணி எல்லாம் கிழக்கே பறக்கிறது. கல்லறைத் தோட்டம் ஊருக்கு மேற்கே. ஃபேன் இல்லை, ரேடியோ இல்லை, பக்கத்து வீட்டு டிவி இல்லை, ஊரில் இப்படி ஒரு அமைதி இருக்கும் என்றே எப்சிபாவுக்கு இதுவரை தெரியாது. மணி நின்றது. அப்போது காற்றில் அது வந்தது.

முதலில் ஒரு முனகல் மாதிரிதான். ஆண் குரல்கள், நிறைய, மெதுவாக அடியெடுத்து வைத்து நடக்கிற குரல்கள். எப்சிபா காம்பைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். என் பாட்டு. என் பாட்டைப் பாடுகிறார்கள். முதலில் சந்தோஷம், அடுத்த மூச்சிலேயே ஆத்திரம், ஆகா, என்னிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு யார் பேரிலோ பாடுகிறார்கள், அதற்குத்தானா பையில் வைத்துக்கொண்டது, எழுந்து ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஏற்றம் அதே ஏற்றம். இறக்கம் அதே இறக்கம். அப்பா ஸ்டியரிங்கைத் தட்டுகிற அதே இடத்தில் காலடி விழுகிறது. அப்புறம் காற்று ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து போட்டது, அது அவள் வார்த்தை இல்லை. இன்னொரு வார்த்தை. மண்ணுக்கு என்றது. இளைப்பாறு என்றது. அவள் பாட்டில் மண்ணும் இல்லை, இளைப்பாறலும் இல்லை. முன்னால் ஒற்றைக் குரலாக நின்று எடுத்துக் கொடுப்பது வாத்தியார், அவருடைய கரகரப்பு தெரிகிறது, பின்னால் எல்லாரும் வாங்கிப் பாடுகிறார்கள், அதில் கிதியோனும் இருப்பான், தோளில் பெட்டியோடு. அவள் ஊரில் கதிர்க்கட்டைத் தலையில் வைத்துப் பாடுகிறதை இங்கே பெட்டியைத் தோளில் வைத்துப் பாடுகிறார்கள். கையிலிருந்த காம்பு கீழே விழுந்தது. வேப்பமரத்தடியில் பெண்கள் அமைதியானது இதற்கு. ரூபி மைனி பாவம், அந்த அமைதி தாங்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தது இதற்கு. பால் வாங்க வருகிற பெண்களெல்லாம் இவள் பாட்டு முணுமுணுத்தால் உடனே பால் விலையைப் பற்றிப் பேசியது. கிதியோனின் ஸ்பானர். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஊரில் எத்தனை துஷ்டி, அவள் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தாள், இல்லையென்றால் பிள்ளைக்காரி என்று வீட்டோடு இருந்தாள், வீட்டில் இருந்தபோதெல்லாம் மிக்சி ஓடியது. தெரியாமல் போனது அதிசயமில்லை. எல்லாரும் நினைத்திருப்பார்கள், அந்த வீட்டில் யாராவது சொல்வார்கள் என்று. அந்த வீட்டில்தான் யாராலும் சொல்ல முடியாது. முன்னறையில் சுவரில் இருக்கிற போட்டோ, கிதியோனின் அண்ணன் சாலமோன், கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வயசு, பைக்கில் போனவரைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறாள். அந்தப் பெட்டியும் இந்த மேற்குப் பாதையில்தானே போயிருக்கும். இந்தப் பாட்டோடுதானே போயிருக்கும். ஐயோ, தொட்டில். தொட்டிலை ஆட்டிக்கொண்டு தபிக்கு நான் பாடியது என்ன? அடுத்தது தானாகவே வந்தது, அதை வராமல் தடுக்க முடியவில்லை, வாத்தியார் பையில் இருக்கிற தாளின் முதல் வரி. தூக்கிக்கொள்ளும் ஐயா. நெற்றியைத் துடைத்துக்கொண்ட மனுஷர் அதை இந்த மெட்டில் மனசுக்குள் பாடிப் பார்த்திருப்பார். எப்சிபாவுக்கு ஒரு கணம், கேட்டால் நம்பமாட்டீர்கள், சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு, அது தொண்டையிலேயே திரும்பி வேறொன்றாகிவிட்டது.

மாமியார் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. கீரைக் கொத்து மடியில் கிடந்தது. பாட்டு தேய்ந்து தேய்ந்து காற்று மட்டும் ஆனது.

"எனக்குத் தெரியாது அத்தை."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

"எங்க ஊர்ல அறுப்புக்குப் பாடுவோம். கதிரு கொண்டுவரும்போது."

"ம்."

"சொல்லியிருக்கலாம்லா, என்ட்ட?"

"என்னன்னு சொல்ல? எம்மவன் போன பாட்ட எம்பேத்திக்குப் பாடாதன்னா? நீ சிரிச்சிக்கிட்டுல்லா பாடுத." மாமியார் கீரையிலிருந்து ஒரே ஒரு இலையை உருவினாள். "வாய் வரைக்கும் வரும். உன் மொகத்தப் பாத்தா திரும்பிப் போயிரும்."

"வாத்தியார்ட்ட நீங்க சொல்லியிருப்பியன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு அவருட்ட சொல்லுதேன்? அன்னைக்கு முன்ன நின்னு எடுத்துக் குடுத்ததே அவருதான். எம்மொகத்தப் பாத்தா இன்னைக்கும் அவருக்கு வாய் வராது."

அப்படியென்றால் கூட்டு எதுவும் இல்லை, கமிட்டியும் இல்லை. ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை நம்பலாமா என்று மனசு பழக்கதோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. நம்பினால் சுகமாக இருக்கும், அதனாலேயே சந்தேகமாக இருந்தது. நாலாவது பாட்டு திரும்பி வரும், அது இப்போது உறுதி, இன்னும் கொஞ்ச நேரத்தில் வாத்தியார் தெருவில் இருமிக்கொண்டு வருவார். அப்போது பொருத்தனை? திரும்பி வந்தால் நிறுத்திவிடுகிறேன் என்று ஆண்டவரிடம் சொல்லியாயிற்றே. ஆனால் இந்த மூன்று தடவையும் திரும்பி வந்தது வார்த்தை இல்லையே. வார்த்தையை யார் கேட்டார்கள்? வார்த்தை வரைக்கும் யாருடைய காதுதான் போனது? யாரும் இன்னும் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இத்தனை நாள் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரியாமலே தட்டியிருக்கிறாள். இதை ஆண்டவர் பொருத்தனையில் சேர்ப்பாரா, கழிப்பாரா, அவரிடம்தான் கேட்க வேண்டும், அவரும் உடனே சொல்கிறவர் இல்லை. உள்ளே தொட்டில் கயிறு லேசாகக் கிறீச்சிட்டது, தபி புரண்டு படுக்கிறாள். எழுந்து போய் ஆட்டலாம், ஆட்டினால் வாய் தானாக அந்த மெட்டைப் பிடிக்கும், பிடிக்காமல் ஆட்டத் தெரியுமா என்று தெரியவில்லை. எழுந்திருக்கவில்லை. தொட்டில் தானாக நின்றது.

"இந்தத் தடவ என்னளா எழுதிக் குடுத்த?" என்றாள் மாமியார்.

எதற்குக் கேட்கிறாள்? தூக்கு என்கிற வார்த்தையை இவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவைத்துப் பார்க்கிறாளோ? இல்லை, தன்னையே சோதித்துக்கொள்கிறாளோ, காயத்தை அமுக்கிப் பார்க்கிற மாதிரி?

"வேண்டாம் அத்தை. அது வந்து... நம்ம தபி நடக்க மாட்டேன்னு நின்னால்லா, அதப் பத்தி. வேற மெட்டுல மாத்திப்புட்டுச் சொல்லுதேன்."

மாமியார் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மணலுக்குத்தான் துடைத்தாள் என்றும் சொல்லலாம்.

"அன்னைக்கு வாசல்ல நின்ன எனக்கு மெட்டு மட்டுந்தாம்ளா கேட்டுச்சு. வார்த்த ஒண்ணுகூட காதுல ஏறல. என்னன்னு பாடிக் கொண்டுபோனாவ எம்புள்ளயன்னு இன்னைக்கு வர யாருட்டயும் நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன்." பிறகு கல்லில் தன் பக்கத்தில் கிடந்த ஈரத் துணியை ஒதுக்கி ஓர் ஆள் உட்கார இடம் பண்ணினாள். "நீ எழுதுனத வாசி. பாடாண்டாம். எங்கிட்ட பேசுத மாதிரி சும்மா வாசி, கேப்போம்."